தோற்றவர் யாரைத் திட்டுகிறார்? ஆர்கேட் கேம் பற்றிக் கேள்வி பதில்

வணக்கமுங்க. கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்து, கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேம் பெட்டிகள் செய்கிறேன், பழையவற்றுக்கு ரிப்பேரும் பார்க்கிறேன். அதற்கு முன்னால் பார்த்தது மோட்டார் ரீவைண்டிங் வேலை. கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பூர், பனியன் கம்பெனி நடத்துபவர்: ஏனுங்க, எனக்கு ஒரு மாடி சும்மா கிடக்குதுங்க. கேம் சென்டர் போடலாம்னு யோசனை. போட்ட காசு வருசத்துக்குள்ள திரும்பணும். எந்த மெஷின் சீக்கிரம் காசு எடுக்கும்?

சீக்கிரம் எடுப்பது என்றால் கொக்கி இறங்கிப் பொம்மை பிடிக்கும் மெஷின்தாங்க. பல மாடல்களில் கொக்கியின் பிடி எவ்வளவு இறுக வேண்டும், எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை முழு பலத்தோடு பிடிக்க வேண்டும் என்பதை முதலாளியே உள்ளே செட் பண்ணிக்கொள்ளலாம். ஆடுகிறவருக்கு அது தெரியாது.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சென்டர்காரர், "பிடியை இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கொடுங்க" என்றார். செய்து கொடுத்தேன். கோடை லீவு, நல்ல கூட்டம், அவருக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் மாதம் சர்வீசுக்குப் போய் மெஷினுக்குப் பின்னால் குனிந்திருந்தேன். ஒரு பையன் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறான். "அது புடிக்காது கண்ணு, ஏமாத்து வேலை" என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்துவிட்டார். கண்ணாடிக்குள் இருந்த கரடிப் பொம்மையின் தலையில் தூசி படிந்திருந்தது.

அன்றிலிருந்து கலெக்‌ஷன் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் தோற்றவரின் வாயைத்தான் பார்க்கிறேன். "சே, கொஞ்சம் முன்னாடியே திருப்பியிருக்கணும்" என்று தன்னைத் திட்டினால் அவர் கை அடுத்த காசுக்குப் போகும். "மெஷின் சரியில்ல" என்றால் அவர் வரமாட்டார், கூட வந்தவரையும் வரவிடமாட்டார். உங்கள் தொழிலிலேயே பாருங்கள். ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனம், குறைத்து அனுப்பினால் அந்த ஆர்டரில் மிச்சம்தான். அடுத்த ஆர்டர் வருமா? ஒரு வருடக் கணக்கை மூன்று வருடக் கணக்காக மாற்றிக்கொண்டு பேசுங்கள், லிஸ்ட் போட்டுத் தருகிறேன்.

கோபிச்செட்டிபாளையம், இன்ஜினியரிங் மாணவி: அண்ணா, பழைய கேம் எல்லாமே காசு பிடுங்கத்தானே கஷ்டமாக வைத்தார்கள்? சீக்கிரம் அவுட் ஆனால்தானே அடுத்த காசு விழும்?

பாதி சரி அம்மணி. ஒரு காசுக்கு அரை மணி நேரம் ஆடினால் கடைக்காரர் கரண்ட் பில் கட்ட முடியாது. ஆனால் கஷ்டத்தில் இரண்டு ஜாதி உண்டு.

1971-ல் நோலன் புஷ்னெல் கூட்டாளியோடு சேர்ந்து கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்ற மெஷினைக் கொண்டுவந்தார். திரும்ப இரண்டு பட்டன், கிளம்ப ஒரு பட்டன், சுட ஒரு பட்டன், படிக்க ஒரு குறிப்புத் தாள். ஆட வந்தவர்கள் குழம்பினார்கள், எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. அடுத்த வருடம் புஷ்னெலின் அட்டாரி கம்பெனியில் ஆல் ஆல்கார்ன் செய்த பாங் வந்தது. ஒரே குமிழ். பந்தைத் தவறவிடாதே என்பதுதான் மொத்தப் பாடம். சோதனைக்காக ஒரு மதுக்கடையில் வைத்த பெட்டி சீக்கிரமே நின்றுபோனது. போய்த் திறந்து பார்த்தால் கோளாறு இல்லை, காசு நிரம்பி வழிந்து அடைத்திருந்தது. கற்க எளிது, கரைகாண அரிது என்பதுதான் பிற்பாடு புஷ்னெல் பெயரால் சொல்லப்பட்ட விதி.

1978-ல் டைட்டோ கம்பெனியின் நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தபோது ஒன்றைக் கவனித்தார். சுடச் சுட எதிரிகள் குறைகிறார்கள், வரைய வேண்டியது குறைவதால் மிச்சமிருப்பவர்கள் வேகமாக நகர்கிறார்கள். அது சிப்பின் சக்திக் குறைவால் வந்தது. அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். நான் நன்றாக ஆடினதால்தான் கஷ்டம் கூடுகிறது என்று ஆடுபவருக்குப் படுகிறதல்லவா, அது முதல் ஜாதி.

1980-ல் வந்த பேக்மேனில் நாலு பேய்களும் ஒரே மாதிரி துரத்தாது. சிவப்பு நேராக உங்கள் மேல் வரும். ரோஸ் கலர் நீங்கள் போகப்போகும் இடத்துக்கு நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். அப்புறம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை நாலும் துரத்துவதை விட்டுவிட்டுத் தங்கள் மூலைக்குப் போகும். மூச்சுவிட இடம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி.

இரண்டாவது ஜாதிக்கு 1990-ன் டபுள் டிராகன் 3 போதும். ஆட்டத்துக்கு நடுவே கடை வரும். புது வித்தை, ஆயுதம் எல்லாவற்றுக்கும் நிஜக் காசு போட வேண்டும். ஜப்பானில் வெளியிட்டபோது அந்தக் கடையையே எடுத்துவிட்டார்கள். 1985-ன் காண்ட்லெட்டும் காசு தின்னும் கேம்தான், சும்மா நின்றாலும் உயிர் குறையும். ஆனாலும் எனக்கு அதன் மேல் கோபமில்லை. நாலு பேர் தோளோடு தோள் இடித்து ஆடும்போது அந்தக் காசு சிரிப்புக்குப் போகிறது. இது என் ஓரவஞ்சனையாகவும் இருக்கலாம்.

ஈரோடு, தனியாக கேம் எழுதுபவர்: தாவிக் குதிக்கும் கேம் ஒன்று செய்திருக்கிறேன். கோடிங்கில் தப்பில்லை, கணக்கு எல்லாம் துல்லியம். ஆனால் ஆடியவர்கள் எல்லாரும் "பட்டன் வேலை செய்யல" என்கிறார்கள்.

துல்லியமாக இருப்பதுதான் கோளாறு தம்பி. திரை நொடிக்கு 60 தடவை மாறுகிறது, ஒரு மாற்றம்தான் ஒரு ஃப்ரேம். விளிம்பைத் தாண்டி ஒரு ஃப்ரேம் கழித்துப் பட்டனைத் தட்டினால் உங்கள் கணக்குப்படி அவன் விழ வேண்டியவன். அவன் கண்ணுக்கோ விளிம்பிலேயே தட்டினான். விளிம்பு தாண்டியும் ஐந்தாறு ஃப்ரேம், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, குதிக்க அனுமதி கொடுங்கள். தரையைத் தொடும் முன்பே தட்டிவிட்டால் அதை ஞாபகம் வைத்து, தொட்டதும் குதிக்கவிடுங்கள். எதிரி மேலே பட்டால் அடி விழும் பரப்பை எதிரியின் படத்தைவிடச் சின்னதாக வையுங்கள். குண்டுமழை பொழியும் விமானக் கேம்களில் உங்கள் விமானத்தின் அடிபடும் இடம் நடுவில் சில புள்ளிகள்தான். உரசிக்கொண்டு தப்பித்தவன் தன்னைப் பெரிய கில்லாடி என்று நினைத்துக்கொள்வான். நினைத்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் செய்தும் புகார் வந்தால் டிவியைப் பாருங்கள். எல்இடி டிவி படத்தை அழகுபடுத்திக் காட்டவே சில ஃப்ரேம் எடுத்துக்கொள்ளும். மெனுவில் கேம் மோட் போடுங்கள். அப்புறம் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி அடியில் உள்ள நாலு மைக்ரோ சுவிட்சையும் விரலால் அமுக்கிக் கேளுங்கள். நல்ல சுவிட்ச் "டிக்" என்னும். எண்ணெயும் தூசியும் ஏறியது "முக்" என்று முனகும். மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

பொள்ளாச்சி: செத்ததும் 10, 9, 8 என்று எண்ணி காசு கேட்பது சரியா?

எண்ணுவதில் தப்பில்லை. முஸ்தபா என்று நாம் சொல்லும் கேப்காமின் 1993 கேமில் அந்த எண்ணிக்கை ஓடும்போது கூட்டாளியின் பாக்கெட்டைத் துழாவாதவர் யார்? காசு போட்டால் விட்ட இடத்திலேயே எழுப்பிவிட வேண்டும். பின்னால் தள்ளிவிட்டு மறுபடி காசு கேட்பது எனக்குப் பிடிக்காது.

அந்தியூர்: ஆடித் தேர் சமயத்தில் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் ரெண்டு கேம் பெட்டி போட ஆசைங்கண்ணா. ராட்டினம், பலூன் சுடுவதற்கு நடுவில் எடுபடுமா?

எடுபடும், ஆனால் மால் கேமை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். குதிரை பார்க்க வந்தவருக்கு விதிமுறை படிக்க நேரமில்லை. திரையைச் சாய்த்து, மேலே தகர மறைப்பு போடுங்கள், இல்லாவிட்டால் பகல் வெயிலில் ஒன்றும் தெரியாது. பின்னால் நிற்பவருக்கும் ஆட்டம் தெரிய வேண்டும், அவர்தான் அடுத்த ஆள். ஜெனரேட்டர் கரண்டுக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம்.

வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் மட்டும் வேண்டாம். சாய்வான பெட்டிக்குள் இரும்புப் பந்து உருளும் பின்பால் மெஷினில் ஆரம்பத்தில் பந்தை விட்டுவிட்டுப் பெட்டியை இடிப்பதைத் தவிர ஆடுபவருக்குப் பெரிதாக வேலையில்லை. அதனாலேயே சூதாட்டம் என்று பல ஊர்களில் தடை போட்டார்கள். 1947-ல் பந்தைத் திருப்பியடிக்கும் துடுப்பு வந்த பிறகுதான் அது கைவேலையாக மாறியது. நியூயார்க்கில் தடை நீங்க 1976 வரை ஆனது. ஒருவர் அதிகாரிகள் முன்னால் ஆடிக்காட்டி, இது திறமை என்று நிரூபித்த பிறகு.

அன்னூர், பள்ளி ஆசிரியை: வள்ளி கும்மி கற்றுக்கொள்கிறேன். அதை டான்ஸ் மெஷின் மாதிரி செய்ய முடியுமா?

இந்தக் கேள்விக்காக ரெண்டு நாள் தூங்கவில்லைங்க! கொனாமி 1998-ல் கொண்டுவந்த டான்ஸ் மெஷினில் நாலு அம்பு, ஒருவர் அல்லது இருவர், திரையைப் பார்த்து நிற்பார்கள். தொடர்ந்து தப்பு விட்டால் பாட்டு பாதியில் நின்றுவிடும், கீழே இறங்க வேண்டியதுதான். கும்மியில் அப்படி யாரையாவது இறக்கிவிடுவோமா? அடி தவறினவர் பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்து அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்வார். பாட்டி முதல் பேத்தி வரை ஒரே வட்டத்தில் நிற்க முடிவதே அதனால்தான்.

அதனால் திரையே வேண்டாம். எட்டு மிதியடி வட்டமாக, ஒவ்வொன்றின் ஓரத்திலும் விளக்கு. கைத்தட்டலுக்கு மைக் வைத்தால் பக்கத்து ஆளின் தட்டலையும் எடுத்துக்கொள்ளும், மணிக்கட்டில் சின்ன பட்டை கட்டிவிடலாம். மதிப்பெண் தனித்தனியாக இல்லை, வட்டத்துக்கே ஒன்று. எல்லாரும் சேர்ந்து அடி போட்டால் வேகம் ஏறும், சிதறினால் தானே இறங்கும். யாரும் அவுட் கிடையாது, பாட்டு முடிந்தால் ஆட்டம் முடிந்தது. ஒருவர் காசு போட்டால் ஏழு பேர் ஓசியில் ஆடுவார்களே என்று கடைக்காரர் கேட்பார். மூன்று பேர் மட்டும் ஆடி அதைப் பார்த்து யாரும் ஏறாமல் நின்றால் அவர் கேட்பது நியாயம், பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆசிரியரோடு பட்டறைக்கு வாருங்கள், முதலில் நாலு மிதியடி செய்து பார்ப்போம்.

கரூர்: ஹைஸ்கோரில் பெயரைத் தமிழில் போட வழி உண்டா?

1979-ன் ஆஸ்டிராய்ட்ஸ் மூன்று ஆங்கில எழுத்தைத்தான் கேட்டது. நமக்கோ 247. ஜாய்ஸ்டிக்கால் ஒவ்வொன்றாய்த் தள்ளி "னௌ" வருவதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். நான் செய்திருப்பது இப்படி: இடம் வலமாகத் தள்ளினால் க, ங, ச என்று போகும், மேலே கீழே தள்ளினால் க, கா, கி என்று மாறும். ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் அதே அட்டவணை, சின்னப் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள். ஜ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் உண்டு. "ஸ்ரீ"க்குத் தனிக் கட்டம் வைக்காமல் விட்டதற்கு ஒரு ஸ்ரீதேவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாமக்கல், ஒரு அம்மா: பையன் மொபைல் கேமில் பெட்டி திறக்கக் காசு கேட்கிறான். இதுவும் அந்தக் காலத்து வீடியோ கேம் கடை மாதிரிதானே?

இல்லைங்க. கடையில் ஒரு காசுக்கு ஒரு ஆட்டம், கையில் காசு தீர்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிக்குக் காசு கேட்பது முதல் கேள்வியில் சொன்ன தளர்ந்த கொக்கி போலத்தான். பெல்ஜியத்தில் 2018-லேயே அதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். போனில் காசு கட்டுவதற்குப் பாஸ்வேர்டு போட்டு வையுங்கள். பையனைத் திட்ட வேண்டாம், அவனை இழுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பல்லடம்: உங்களாலேயே தாண்ட முடியாத கேம் எதுங்கண்ணா?

பேக்மேனில் 256-வது கட்டத்தை யாராலும் தாண்ட முடியாது. கட்டத்தை எண்ணும் இடத்தில் எட்டு பிட்டுதான், அது நிரம்பியதும் திரையின் வலது பாதி கண்டபடி எழுத்தாய்ச் சிதறிவிடும். தின்ன வேண்டிய புள்ளிகள் போதாது, ஆட்டம் அத்தோடு சரி. அது மெஷின் தப்பு, திட்டலாம். நான் ஒன்பதாவது கட்டத்திலேயே நிற்கிறேன். வீட்டம்மா பதினொன்று.