உறைய வைத்த விந்தணுவை உருக்கியபோது பாதிதான் அசைகிறது என்கிறார்கள். இது லேப் செய்த தவறா?

பெரும்பாலும் இல்லை. உறைவதற்கு முன் நீந்திக்கொண்டிருந்தவற்றில் ஏறத்தாழ பாதி, உருக்கியபின் அசையாமல் போவது நல்ல லேபிலும் நடப்பதுதான். ஆரம்பத்திலேயே எண்ணிக்கையும் அசைவும் குறைந்த மாதிரி என்றால் இழப்பு இன்னும் கூடும்.

திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும்போது விந்தணுவுக்கு அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. அடி விழுவதெல்லாம் உறையும்போதும் உருகும்போதும்தான். மிக வேகமாகக் குளிர்ந்தால் அணுவுக்குள்ளேயே பனிப்படிகம் உருவாகும். மிக மெதுவாகக் குளிர்ந்தால் வெளியிலுள்ள நீர் முதலில் உறைந்து, மிச்சக் கரைசலில் உப்பு ஏறி அணுவை வற்றவைக்கும். இந்த இரண்டையும் குறைக்கத்தான் கிளிசரால் சேர்க்கிறார்கள். சேவல் விந்தில் அதன் பலனைப் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1949இல் காட்டினார்கள்.

ஆனால் கிளிசராலும் அளவு மீறினால் விஷம். விந்து 37 டிகிரியில் கெட்டித்தன்மை போய் நீர்த்தபின், அதே வெப்பத்துக்கு வந்த உறைவு மீடியத்தை (கிளிசரால் கலந்த கரைசல்) சொட்டுச்சொட்டாக, குலுக்கியபடி சேர்க்க வேண்டும். பல மீடியங்களுக்குச் சம அளவு. அவசரப்பட்டு ஒரே ஊற்றாக ஊற்றினால் அணு சுருங்கிச் சவ்வு கெடும். 10 நிமிடம் விட்டு ஸ்ட்ராவில் (மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) ஏற்றும்போது மேலே கொஞ்சம் காற்றிடம் விடுவார்கள், உறையும் திரவம் விரியுமே! பிறகு நைட்ரஜன் ஆவியில் சுமார் அரைமணி, அதன்பின் திரவத்துக்குள். ஆவியில் ஸ்ட்ராவைப் படுக்கவைப்பதே நல்லது. நிமிர்த்தி வைத்தால் அடிப்பகுதி முந்திக் குளிரும்.

உருக்கும்போது மீடிய நிறுவனம் சொன்ன முறையையே பின்பற்ற வேண்டும்: சில இடங்களில் அறை வெப்பத்தில் 10 நிமிடம், சில இடங்களில் 37 டிகிரித் தண்ணீர். சீல் சரியில்லாமல் உள்ளே நைட்ரஜன் புகுந்த ஸ்ட்ரா வெடிக்கலாம். கண்ணாடி போடாமல் எடுக்கக் கூடாது. பிறகு கிளிசரால் இல்லாத மீடியத்தைச் சொட்டாகச் சேர்த்துக் கிளிசராலைக் கழுவி, மெதுவாகச் சுழற்றி எடுப்பார்கள். கழுவும்போதும் கொஞ்சம் இழப்பு உண்டு.

அதிகம் பேசப்படாத கோளாறு ஒன்று இருக்கிறது. ஸ்ட்ராவில் எழுதிய பெயரைத் தேடுவதற்காக, ஸ்ட்ராக்கள் அடுக்கிய கேனிஸ்டரை நைட்ரஜன் தொட்டியின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பது. மெல்லிய ஸ்ட்ரா சில விநாடிகளிலேயே சூடேறும். கெடுவது தேடப்படும் மாதிரி அல்ல, பக்கத்தில் இருக்கும் வேறொருவருடையது.

லேபில் சதவீதத்தைவிட, ஒரு ஸ்ட்ராவுக்கு உருகியபின் எத்தனை அசையும் அணுக்கள் கிடைக்கும் என்று கேளுங்கள். இக்சிக்கு (ஓர் அணுவை நேராக முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது) ஒரு முட்டைக்கு உயிருள்ள ஓர் அணு போதும். ஐயூஐக்கு (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) சில மில்லியன்கள் வேண்டும். ஒரு சிறு ஸ்ட்ராவைத் தனியாக உறையவைத்து மறுநாளே உருக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். புற்றுநோய்க்கான கீமோவுக்கு முன் சேமிப்பவர்கள், முதல் டோஸுக்கு முன்பே, முடிந்தால் இரண்டு மூன்று முறை கொடுத்து, பல ஸ்ட்ராக்களாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைத்தால் மிஞ்சுவது சொற்பம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, கொடையாளரின் விந்தணு, முட்டை, மற்றும் கருக்களின் சேமிப்புக்கு உச்சவரம்பு 10 ஆண்டுகள்.