30 லட்சத்துக்குக் கேம்பர் வேன்: வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். வயது 42. எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 1,65,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் இஎம்ஐ 48,000. மகள் ஒன்பதாம் வகுப்பு. எஃப்டியில் 9 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 14 லட்சம் இருக்கிறது. சென்ற டிசம்பரில் ஓர் இரவுக்கு 9,000 ரூபாய் வாடகைக்குக் கேம்பர் வேன் எடுத்து கர்நாடகத்திலேயே ஹொன்னெமரடு, தாண்டேலி போய் வந்தோம். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்டிய நாளிலிருந்து மகளுக்கு வேறு பேச்சே இல்லை. சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்து 30 லட்சம் கேட்கிறார்கள். 5 லட்சம் கையிலிருந்து போட்டு, மீதி 25 லட்சத்தை 9.5% வட்டியில் 7 வருடக் கடனாக எடுக்கலாம் என்று திட்டம். போகாத நாட்களில் வாடகைக்கு விட்டால் இஎம்ஐ அதிலேயே ஓடிவிடும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பரின் யோசனையை முதலில் ஓரங்கட்டுவோம். வெள்ளை நம்பர் பலகை உள்ள சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட முடியாது. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். அதற்கு உரிமம் தனி, காப்பீடு தனி. உங்கள் சொந்த வண்டியை ஊராருக்குக் கொடுத்து, அது எங்காவது மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும். இந்த வருமானத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அது இல்லாமல் என்ன ஆகிறது? 25 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 40,860 ரூபாய். வீட்டுக் கடனோடு சேர்த்தால் மாதம் 88,860, சம்பளத்தில் பாதிக்கு மேல். மகள் கல்லூரியில் சேரும்போதும் இந்தக் கடன் பாதிதான் முடிந்திருக்கும். வங்கி கொடுக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

7 வருடத்தில் கடனுக்கு மட்டும் 34.3 லட்சம் கட்டுவீர்கள். கைக்காசு 5 லட்சம். காப்பீடு, சர்வீஸ், டயர், நிறுத்த இடம் எல்லாம் வருடத்துக்கு 80,000 என்று குறைவாகவே வைத்தாலும் 5.6 லட்சம். கடைசியில் 12 லட்சத்துக்கு விற்கும் என்று தாராளமாக வைக்கிறேன். ஒருவர் ரசனைக்குக் கட்டிய வேனை வாங்க இன்னொருவர் அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. நிகரச் செலவு ஏறக்குறைய 33 லட்சம், வருடத்துக்கு 4.7 லட்சம். வருடம் 20 இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 23,500 ரூபாய். டீசல் தனி. 9,000 ரூபாய் வாடகை இப்போது மலிவாகத் தெரிகிறதா?

அந்த 20 இரவும் நடக்குமா என்பதுதான் என் சந்தேகம். ஓசூரில் இருக்கும் என் மச்சான் 2021-ல் ஒரு பழைய வேனை வாங்கி மாற்றிக் கட்டினார். முதல் வருடம் 11 இரவு, அடுத்த வருடம் 4. போன ஆடியில் போய்ப் பார்த்தேன். வைப்பருக்கடியில் வேப்பஞ்சருகு அடைந்து கிடந்தது, எலி ஒயரைக் கடித்திருந்தது, குட்டி ஃப்ரிட்ஜுக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன புளிக்காய்ச்சல் பாட்டில். மச்சான் இன்னும் அதை “நம்ம வண்டி” என்று பெருமையாகத்தான் சொல்கிறார். பேட்டரி மட்டும் செத்துப்போய்விட்டது.

மகளுக்குப் பத்தாம் வகுப்பு வரப்போகிறது. டிசம்பர் விடுமுறையில் டியூஷன் இருக்கும். இதையும் யோசியுங்கள். உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் உயரத்தை ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வேன் உள்ளே நுழையாவிட்டால் தெருதான் கதி.

பிறகு, வேன் இருந்தால் எந்த ஆற்றங்கரையிலும் இரவு நிறுத்தலாம் என்றில்லை. பீமேஸ்வரியில் காவிரிக்கரை வனவிலங்குச் சரணாலயப் பகுதி. அங்கே அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாமில் அறையோ கூடாரமோ எடுத்துத்தான் தங்குகிறார்கள். கயாக்கும் அங்கேயே கிடைக்கிறது. பந்திப்பூர் வழியாகப் போனால் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலையே மூடியிருக்கும். அறைக்கும் காசு, வேனுக்கும் காசு என்று இரண்டும் சேரும். பழைய வேனை வாங்கி மாற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி ஆர்டிஓ ஒப்புதல் பெற்று ஆர்சியில் பதிய வேண்டும். பதியாத மாற்றத்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நின்றுபோகும்.

அதனால் வேன் வேண்டாம். காற்றடிக்கும் கயாக் ஒன்றும் மூன்று பேருக்கும் நல்ல லைஃப் ஜாக்கெட்டும் தாராளமாக வாங்குங்கள், காரின் டிக்கியில் அடங்கிவிடும். தாண்டேலியில் ஓடும் காளி ஆற்றில் முதலை உண்டு. அது என் துறை இல்லை, உள்ளூர்க்காரரைக் கேட்டு இறங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது தொழில்முறையாக விளையாடுபவர்களுக்குத்தான். ஆனால் தனிநபர் விபத்து பாலிசியில் வாசகம் வேறாக இருக்கலாம், எடுத்துப் படித்துவிடுங்கள்.

எஃப்டி 9 லட்சம் அவசரத்துக்கு, தொடாதீர்கள். ஃபண்டு 14 லட்சம் மகளின் படிப்புக்கு. பயணத்துக்கென்று மாதம் 15,000 ரூபாய் ஆர்டி போடுங்கள்; வருடத்துக்கு 1.8 லட்சம், அதாவது சரியாக 20 இரவு வாடகை. எடுக்கும் வண்டிக்குக் கறுப்புப் பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு குளிர்காலம் இப்படிப் போய்வந்து, எத்தனை இரவு தங்கினீர்கள் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு வருடமும் 20-ஐத் தாண்டியிருந்தால், அந்தக் குறிப்போடு எனக்கு எழுதுங்கள்.