சின்ன உப்புநீர்த் தொட்டி: கேட்டதும் சொன்னதும்

கொளத்தூரில் மீன் வாங்கி வந்து வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் நம் வடசென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த வரையில் பதில்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணா, 60 லிட்டர் தொட்டி, இரண்டு க்ளவுன் மீன். போன வாரம் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்தது, இன்று 37. நான் உப்பே போடவில்லையே?

தண்ணீர்தான் ஆவியாகும் தம்பி, உப்பு அப்படியே தங்கிவிடும். 60 லிட்டரில் மூன்று லிட்டர் குறைந்தாலே 35 என்பது 37-ஐ ஒட்டி வந்துவிடும். கண்ணாடியில், உப்பு 35 இருந்தபோது இருந்த நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பின்னால் அறை வைத்த தொட்டி என்றால் மோட்டார் இருக்கும் அறையில் ஒட்டுங்கள், மட்டம் அங்கேதான் இறங்கும். தினமும் காலையில் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். குறைந்ததை ஈடுகட்ட உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ராயபுரத்திலிருந்து: காசிமேடு பக்கத்திலேயே வீடு. கடல் தண்ணீரையே ஊற்றலாமா?

வேண்டாம். துறைமுகத்துக்குள் டீசல் படலம் மிதக்கும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். அது போக, ஐப்பசி கார்த்திகை மழையில் கரையோரக் கடலின் உப்பே குறைந்துவிடும். ஒரு குடம் போல இன்னொரு குடம் இருக்காது. மீன் தொட்டிக்கென்றே பாக்கெட்டில் வரும் கடலுப்பை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கரைத்து, ஒரு ராத்திரி மோட்டார் ஓடவிட்டு, அளந்து பார்த்து ஊற்றுங்கள். சமையல் உப்பு ஆகாது.

பெரம்பூரிலிருந்து: தண்ணீரின் அமில-கார அளவு, அதாவது பி.எச்., காலையில் 7.8, மாலையில் 8.2. ஏற்றுகிற திரவம் ஊற்றட்டுமா சார்?

ஊற்றாதீர்கள். விளக்கு அணைந்ததும் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சாது, மீன்களோ மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயு தண்ணீரில் சேர்ந்து காலைக்குள் பி.எச். இறங்கிவிடும். ஏசி போட்டு அடைத்த அறையில் இன்னும் இறங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பி.எச்.சைத் துரத்துவதை விட அல்கலினிட்டியை, அதாவது பி.எச். சட்டென்று மாறாமல் தண்ணீர் தாங்கும் திறனைப் பாருங்கள். அதை அளக்கும் அலகுதான் டி.கே.எச். 8, 9 டி.கே.எச். இருந்தால் எதையும் தொடாதீர்கள். 6-க்கு இறங்கியிருந்தால் ஆப்பச் சோடா போதும். 60 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் அரை டி.கே.எச். ஏறும். ஒரு நாளைக்கு ஒரு டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நான் ஒருமுறை இதையும் கால்சியம் திரவத்தையும் ஒன்றாக ஊற்றினேன். தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது, மோட்டார் விசிறியில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே நேரம் விடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: அப்போ கால்சியம், மெக்னீசியம் வாங்க வேண்டுமா?

மீன் மட்டும் என்றால் வேண்டாம். வாரம் ஆறு லிட்டர் தண்ணீர் மாற்றினால் புது உப்பிலேயே அவை வந்துவிடும். கல் பவளம் வைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது கடும் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து: கரண்ட் போனால்?

பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள்.

மறுபடி தண்டையார்பேட்டை: அண்ணா, 37-ஐ இன்றே 35-க்கு இறக்கிவிடலாமா?

அவசரம் வேண்டாம் தம்பி. இன்று ஒரு லிட்டர், நாளை ஒரு லிட்டர், மறுநாள் ஒரு லிட்டர். மட்டம் டேப்பைத் தொட்டதும் அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.