தண்டல் அட்டையும் தொலைக்காட்சி மேடையும்

அன்புள்ள ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டையில் நான்கு தையல் இயந்திரங்களை வைத்து, நைட்டி தைத்து எம்.சி. ரோடு கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு வருடமாக நானும் மனைவியும், தொழில் செய்பவர்கள் மேடையேறி முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் ‘ஷார்க் டேங்க் இந்தியா’வையும் முதலீட்டு ஆலோசனை நிகழ்ச்சிகளையும் விடாமல் பார்க்கிறோம். அந்த உந்துதலில்தான் தினமும் கணக்கு எழுதத் தொடங்கினேன். கையில் 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. துணி வாங்குவதற்கு வாங்கிய தண்டலும், அதாவது தினமும் கட்டி அடைக்கும் கடனும், ஓடுகிறது. தொலைக்காட்சியில் சொல்லும் பங்குகளில் சேமிப்பைப் போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கணக்கு எழுதத் தொடங்கிய செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. 2021 டிசம்பரில் சோனி தொலைக்காட்சியில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில், பொருளின் அடக்க விலை என்ன, கையில் மிஞ்சுவது என்ன என்று துருவிக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளை நம் பகுதியில் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் மேடையில் பேசி முடித்த தொகை அப்படியே கைக்கு வந்துவிடுவதில்லை. கணக்குகளைச் சரிபார்த்த பின் கைவிடப்பட்ட ஒப்பந்தங்களும் உண்டு.

தண்டையார்பேட்டையில் என் அப்பா நடத்திய மளிகைக் கடையின் கல்லாவில் ஒரு தண்டல் அட்டை எப்போதும் கிடக்கும். 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பார்கள். மாலையில் வருபவர் பணத்தை எண்ணி வாங்கி, அட்டையின் கட்டத்தில் கையெழுத்திட்டுப் போவார். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்பார் அப்பா. அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கும் மேல் என்பது, அவர் கடையை மூடிய பிறகுதான் எனக்கே விளங்கியது.

ஆண்டு தவறாமல் அந்த அளவுக்கு ஈட்டித் தரும் பங்கு எதுவும் இல்லை. ஆகவே, முன்கூட்டியே அடைத்தால் பிடித்த வட்டியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். மறுத்தால் இந்தத் தண்டலை வழக்கம்போலக் கட்டி முடித்துவிட்டு, அடுத்த தண்டலை வாங்காமல் உங்கள் சேமிப்பைக் கொண்டே துணி வாங்குங்கள். மிச்சத்தை வங்கியில் வையுங்கள். அங்கே 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. தொலைக்காட்சியில் பேசுகிறவருக்கு உங்கள் தண்டலைப் பற்றித் தெரியாது. பின்னாளில் பங்குகளைப் பற்றி ஆலோசனை கேட்பதானால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கணக்கு நோட்டில் தண்டலுக்கென்று ஒரு தனிப் பத்தி போட்டு, மூன்று மாதம் கழித்து அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.