மனுவில் கேட்க வேண்டியதை முதலில் கேளுங்க

அண்ணாச்சி, திருநெல்வேலி மேலப்பாளையத்துல உங்க தெரு வாறுகால் (சாக்கடை) அடைச்சுக் கிடக்கு, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துல திங்கட்கிழமை மனு கொடுத்தும் ‘விவரம் போதவில்லை’ன்னு பதில் வந்துட்டுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க போட்டிருக்க மனுவைப் படிச்சேன். வாறுகால் பேச்சே ரெண்டாம் பக்கத்துலதான் வருது! முதல் பக்கம் பூரா ‘சமூகத்திற்கு’, ‘தாழ்மையுடன்’, பொறவு பழைய கவுன்சிலர் மேல உள்ள வருத்தம். வருத்தம் நியாயமாவே இருக்கட்டும், அதுக்கு இது இடமில்ல.

‘பொருள்’ வரியிலேயே மண்டலம், வார்டு எண், தெருப் பேரு, எந்தக் கதவு எண்ணுல இருந்து எதுவரைக்கும் அடைப்புன்னு போட்டுருங்க. ‘பள்ளிவாசல் பின்புறம்’னு எழுதினா, மேலப்பாளையத்துல எந்தப் பள்ளிவாசல்னு தேடுவாக? மாநகராட்சியில 55 வார்டு இருக்கு. ‘ரொம்ப நாளா’ங்கறதுக்குப் பதிலா எந்த மாசத்துல இருந்துன்னு எழுதுங்க. ‘ஆவன செய்யவும்’ வேண்டாம். மண்ணை அள்ளணுமா, உடைஞ்ச சிலாப்பை மாத்தணுமா, அதை நேராக் கேளுங்க.

வாறுகால் மாநகராட்சி வேலை. அதனால இந்தத் தடவை ஆணையருக்கே எழுதுங்க. ஒரு பக்கம் போதும். ஒப்புகைச் சீட்டை மறக்காம வாங்கி வச்சுக்கிடுங்க.