விடைக்கு ஒரு மதிப்பெண், வழிக்கு மூன்று

இணையத்தில் தேடி விடை கண்டுபிடிக்கும் வகுப்பு விளையாட்டான இணையப் புதையல் வேட்டை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் ஒரு பள்ளி நூலகர் பதில் தருகிறார்.

எட்டாம் வகுப்புக்கு இணையத்தில் புதையல் வேட்டை வைத்தேன். இருபது கேள்விகள். மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே எல்லோரும் முடித்துவிட்டார்கள். எல்லாத் தாளிலும் ஒரே விடைகள். இதில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்றே புரியவில்லை. (ஓர் ஆசிரியை)

வேகமாகத் தட்டச்சு செய்யக் கற்றிருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், குறை பிள்ளைகளிடம் இல்லை, கேள்விகளில்தான். ‘எவரெஸ்டின் உயரம் என்ன?’ என்று கேட்டால், தேடல் பெட்டிக்குக் கீழேயே பெரிய எழுத்தில் எண் வந்து நிற்கிறது. ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க வேண்டாம். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘எவரெஸ்டின் உயரம் சில இடங்களில் 8848 மீட்டர், சிலவற்றில் 8850, வேறு சிலவற்றில் 8848.86 என்று இருக்கிறது. மூன்றும் எங்கிருந்து வந்தன?’

இப்போது தோண்டித்தான் ஆக வேண்டும். முதல் எண் 1950களில் இந்திய நில அளவைத் துறை கணக்கிட்டது. இரண்டாவது 1999இல் ஓர் அமெரிக்கக் குழு ஜிபிஎஸ் கருவி வைத்து அளந்தது. மூன்றாவதை நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பரில் அறிவித்தன. இவ்வளவும் தெரிந்த பிறகு யாராவது ஒரு பையன் எழுந்து, ‘அப்போ எதை எழுதுறது மிஸ்?’ என்பான். அவன் அப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விளையாட்டே.

இருபது வேண்டாம், நான்கு கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும் விடைக்கு ஒரு மதிப்பெண், வழிக்கு மூன்று. என்ன சொற்களைத் தட்டினாய், சரிவராதபோது எப்படி மாற்றினாய், கடைசியில் நின்ற பக்கத்தை ஏன் நம்பினாய் என்று எழுதச் சொல்லுங்கள். சனிக் கோளுக்கு எத்தனை நிலவுகள் என்ற வேட்டைக்கு ஒரு மாணவி எழுதித் தந்த சீட்டு இது:

‘முதலில் “சனி” என்று மட்டும் போட்டேன், ராசிபலன் வந்தது. “சனிக் கோள் துணைக்கோள்கள் எண்ணிக்கை” என்று மாற்றினேன். 82, 145, 146, 274 என்று நான்கு விதமாக வந்தது. 274 என்ற பக்கத்தில் 2025 மார்ச் என்று தேதி இருந்தது. 82 என்ற பக்கத்தில் தேதியே இல்லை. அதனால் அதை விட்டுவிட்டேன்.’

விட்டதற்கே முழு மதிப்பெண் போட்டேன். அப்புறம் அவளுக்கு இன்னொரு வேலை கொடுத்தேன்: 82 என்று சொல்லும் பக்கம் பொய் சொல்லவில்லை, அது எப்படி? 2019 அக்டோபரில் புதிதாக இருபது நிலவுகள் அறிவிக்கப்பட்டு எண்ணிக்கை 82 ஆனது, அப்போது அதுதான் சரி என்று கண்டுபிடித்து வந்தாள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 கூடியிருக்கிறது. பாடப் புத்தகத்தில் அச்சாகிவிட்ட எண்ணை இப்போது அவள் வேறு கண்ணோடு பார்க்கிறாள்.

தேடல் நுணுக்கங்களை முன்கூட்டியே பாடமாக நடத்தாதீர்கள், ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ராசிபலனில் போய் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள் பாருங்கள், அந்த நேரத்தில் சொல்லுங்கள்: ‘சனி’ என்று தட்டி, இடைவெளி விட்டு, ‘ராசிபலன்’ என்ற சொல்லோடு ஒட்டி அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி போடு. அந்தச் சொல் உள்ள பக்கங்கள் ஒதுங்கிவிடும்.

நான் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் ஏஐ விடையை எழுதிவிடுகிறது. தடை போட்டுவிடலாமா? (ஓர் ஆசிரியர்)

போடலாம். நீங்கள் பார்க்கும்போது மட்டும் மூடி வைத்திருப்பார்கள். அதைவிட, ஏஐ எழுதியதையே புதையல் வேட்டையாக்கிவிடுங்கள். ஏதாவது ஒரு தலைப்பில் சாட்பாட்டிடம் ஆதாரங்களோடு ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அச்செடுத்துக் கொடுங்கள். வேலை இதுதான்: அதில் உள்ள ஒவ்வொரு நூலும் கட்டுரையும் உண்மையில் இருக்கிறதா? இருந்தால், இங்கே எழுதியிருப்பதை அது சொல்கிறதா? முதலாவதைவிட இரண்டாவதுதான் கஷ்டம். உண்மையான கட்டுரையைக் காட்டி, அதில் இல்லாததைச் சொல்வதும் நடக்கிறது.

இது பள்ளிக்கூடத்துக்கு மட்டுமான பிரச்சினை என்று நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய பழைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் அபராதம். அந்த வழக்கைப் பற்றிய செய்தியைக் கண்டுபிடிப்பதையே ஐந்தாவது கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்ற பொய்யான தளத்தைக் காட்டி மாணவர்களைச் சோதிப்பார்களாமே, நானும் செய்யலாமா? (பயிற்சி ஆசிரியர்)

1998 முதல் இருக்கும் தளம் அது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டியபோது, கிட்டத்தட்ட எல்லோருமே நம்பினார்கள். செய்யலாம், சிரிப்பாகவும் இருக்கும். ஆனால் எனக்கு இந்த வலைவிரிப்பில் அவ்வளவு பிரியம் இல்லை. ஒருமுறை ஏமாந்த பிள்ளை மறுநாளிலிருந்து எதையுமே நம்ப மாட்டேன் என்கிறது, நல்ல ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தாலும் ‘இதுவும் டூப்பா?’ என்கிறது. நம்பத் தகுந்ததை நம்பக் கற்றுக்கொடுப்பதும் நம் வேலைதான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் ஒரே தளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வடிவமைப்பையும் ‘எங்களைப் பற்றி’யையும் ஆராய்ந்து கோட்டைவிட்டார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த வேகத்தில் வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, ‘இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?’ என்று பார்த்தார்கள்.

ஆகவே நான் வைக்கும் வேட்டை இப்படி: நல்லதும் கெட்டதுமாகச் சில உண்மையான தளங்கள். தளத்துக்குள் எதையும் படிக்கக் கூடாது. அதை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வெளியே தேடி மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். படிக்காதே என்றதும் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும்!

விக்கிப்பீடியாவை அனுமதிக்கலாமா? ‘மூன்று தளங்களில் இருந்தால் சரி’ என்ற விதி போதுமா? (வாசகி)

தாராளமாக, புறப்படும் இடமாக. அங்கேயே தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். கீழே இருக்கும் மேற்கோள்களுக்குள் இறங்கச் சொல்லுங்கள்.

மூன்று தளங்கள் விதிதான் ஆபத்து. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர், கோட்டி என்ற விலங்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தில், அதற்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாக ஒரு பொய் வரி சேர்த்தார். அது அங்கேயே கிடந்தது. பத்திரிகைகள் அந்தப் பெயரை எடுத்துப் போட்டன. அப்புறம் ஒரு பத்திரிகைச் செய்தியே அதே வரிக்கு ஆதாரமாக அடிக்குறிப்பில் வந்து உட்கார்ந்தது. மூன்றென்ன, முப்பது தளங்களில்கூட அதைக் காட்டலாம்.

எனவே எத்தனை சாட்சி என்று எண்ணச் சொல்லாமல், யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று தேடச் சொல்லுங்கள். சந்தேகமான வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், வார்த்தை பிசகாமல் காப்பி அடித்தவை வரிசையாக வரும். விக்கிப்பீடியாவில் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்பதே தெரிந்துவிடும். அந்தத் தேதிக்கு முன்னால் வெளியான ஒரு ஆதாரத்தைக் கொண்டுவருபவருக்குப் பரிசு.

எங்களிடம் வகுப்புக்கு ஒரே ஒரு கணினிதான். (தலைமையாசிரியர்)

அது குறையே இல்லை. கணினியைத் திரையோடு இணைத்து, ஒருவரை மட்டும் உட்கார வையுங்கள். அவர் தானாக எதையும் தட்டக் கூடாது, வகுப்பு சொல்வதைத்தான் தட்ட வேண்டும். எந்தச் சொல், எந்த லிங்க் என்று மற்றவர்கள் வாதாடி முடிவு செய்யட்டும். ஆளுக்கொரு கணினி இருந்தால் இந்தச் சண்டை நடக்காது.

மகளின் வேட்டைக்கு வீட்டில் நான் உதவலாமா? (ஒரு தந்தை)

பக்கத்தில் உட்காருங்கள். மவுஸைத் தொடாதீர்கள். ‘இதை யார் எழுதியது?’ என்று மட்டும் அவ்வப்போது கேளுங்கள், பதில் தெரிந்தாலும்.