கரி நீறு பூக்கட்டும்

இந்த மாதக் கடிதங்களில், புதிதாகக் கரண்டி பிடித்தவர்கள் எழுதியவைதான் அதிகம். அதிலும் மொட்டை மாடியில் கரி மூட்டிக் கோழி சுட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. தூத்துக்குடித் தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல் பார்க்கிற பையனாக, 16 வயதில் அடுப்புக்கு வந்தவன் நான். அப்புறம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 24 வருஷம் மெஸ் நடத்தினேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு கிரில் அடுப்பு வாங்கினோம். வீடியோ பார்த்து மசாலா தடவி லெக் பீஸ் சுட்டோம். வெளியே கரிக்கட்டை, உள்ளே எலும்பை ஒட்டி ரத்தம். மசாலாவில் தப்பா?
- கல்லூரி மாணவர், தாம்பரம்

மசாலாவில் ஒன்றும் தப்பில்லை தம்பி. நெருப்பு தயாராகும் முன்னாலேயே கோழியை வைத்துவிட்டீர்கள்.

கரி பற்றியதும் முதலில் புகையும். அப்புறம் ஜுவாலை எழும்பும். அந்த நேரத்தில் கம்பி மேல் எதை வைத்தாலும் தோல் கருகும், புகை நாற்றமும் ஏறும். 20 நிமிஷம், சில சமயம் அரை மணி நேரம் பொறுத்தால் ஜுவாலை அடங்கி, கரி மேல் வெள்ளையாக நீறு பூக்கும். உள்ளே செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும். சுடுவதற்கு வேண்டியது அந்தக் கனல்தான். கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டி எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால் பெருஞ்சூடு. ஐந்து, ஆறு வரை தாங்கினால் மிதமான சூடு. கோழிக் காலுக்கு மிதமான சூடுதான் சரி.

அடுத்தது, கரியை அடுப்பு முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு பக்கமாக ஒதுக்குங்கள், மறு பக்கம் வெறுமையாக இருக்கட்டும். லெக் பீஸை முதலில் கரியில்லாத பக்கத்தில் வைத்து, மூடி போட்டு, நடுவில் ஒருமுறை திருப்பி, 30 நிமிஷம் வேக விடுங்கள். மூடி இல்லாத அடுப்பு என்றால் ஒரு பெரிய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொள்ளலாம். எலும்பு வரை சூடு மெல்ல இறங்கும். கடைசி ஐந்தாறு நிமிஷம் மட்டும் கனலுக்கு நேர் மேலே கொண்டுவந்து திருப்பித் திருப்பிச் சிவக்க விடுங்கள். கொழுப்பு சொட்டி நெருப்பு குபுக்கென்று எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். துண்டைக் கரியில்லாத பக்கம் நகர்த்தினால் அதுவே அடங்கிவிடும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். மெஸ்ஸின் கடைசி வருஷங்களில் நான் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். முன்பே வாங்காமல் போனோமே என்று வருத்தப்பட்டேன். துண்டின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் முனையைச் செருகுங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் பயமில்லாமல் சாப்பிடலாம். கோழியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். காலும் தொடையும் 80 தாண்டினால் இன்னும் மெத்தென்று இருக்கும். நெஞ்சுக்கறியைத்தான் 74-க்கு மேல் போகவிடக் கூடாது, சக்கையாகிவிடும்.

மசாலா பற்றிக் கேட்டதால் என் அளவையும் சொல்கிறேன். ஒரு கிலோ கோழிக்கு 15 கிராம் உப்பு, 100 கிராம் தயிர், இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், கொஞ்சம் மஞ்சள், அரை எலுமிச்சம்பழம், எண்ணெய் இரண்டு கரண்டி. இது போதும். காலில் எலும்பு வரை மூன்று கீறல் போட்டு, கீறலுக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். நான்கு மணி நேரம் பிரிட்ஜில் ஊறட்டும். பப்பாளிக்காய் சேர்ப்பதாக இருந்தால் அரைத்த விழுது ஒரு தேக்கரண்டி, அதுவும் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் கறி மாவாகிவிடும். தேன், தக்காளி சாஸ் இதெல்லாம் இறக்கப் போகும்போது தடவுங்கள். இனிப்பு சீக்கிரம் கருகும்.

பச்சைக் கோழி ஊறிய பாத்திரத்தில் வெந்த கோழியை எடுத்து வைக்காதீர்கள். மிஞ்சிய மசாலாவை அப்படியே மேலே பூசவும் கூடாது. மெஸ் தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்ட நெரிசலில் என் கையே இந்தத் தப்பைச் செய்தது. மூன்று பையன்கள் இரண்டு நாள் வயிற்றோட்டத்தில் படுத்தார்கள். நான்தான் இளநீர் வாங்கிக்கொண்டு அவர்கள் அறைக்கு ஓடினேன். அன்றைக்கு இரண்டு தட்டு வாங்கினேன், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சிவப்பு பச்சைக்கறிக்கு மட்டும்.

கரிக்கு விறகுக் கடையில் கேளுங்கள். ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி கிடைக்கும். நின்று எரியும். பற்றவைக்கத் தேங்காய் நாரும் இரண்டு கொட்டாங்கச்சியும் போதும். மண்ணெண்ணெய் ஊற்றினால் சாப்பிடுகிறவரை அந்த வாடை போகாது. இன்னொன்று ரொம்ப முக்கியம். மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை அறைக்குள்ளோ கதவடைத்த பால்கனிக்குள்ளோ தூக்கிப் போகாதீர்கள். எரிகிற கரி கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் மாதிரி வந்து ஆளை முடித்துவிடும். அணைந்த கரி போலத் தெரிவதும் பல மணி நேரம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். எல்லாம் முடிந்து சூடு தணிந்ததும், தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, நன்றாக நனைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

கேள்வி: மீன் சுட்டாலும் சரி, தோசைக்கல்லில் பொரித்தாலும் சரி, தோல் அடியில் ஒட்டிக்கொள்கிறது. திருப்பினால் உதிர்ந்துவிடுகிறது. எந்த மீன் வாங்கலாம்?
- புதுமணப்பெண், திருச்சி

1979-ல் கொழும்புக்குப் போகிற தோணியில் நான் முதன்முதலாகச் சுட்டது பாறை மீன். தோணிக்குப் பின்னால் விட்ட தூண்டிலில் விழுந்தது. கம்பியில் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கரண்டியால் நெம்பினேன். பாதித் தோல் கம்பியோடு நின்றுவிட்டது. தோணித் தலைவரான தண்டல் எட்டிப் பார்த்தார். "லேய், நோண்டாத. அது தானா விடும்" என்றார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டார். நான் வெறுங்கையோடு உட்கார்ந்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் வெளுத்தது. வெளுப்பு மெல்ல மேலே ஏறியது. சுர்ர் என்று ஈரமாகக் கேட்ட சத்தம் காய்ந்து, பொரிகிற சத்தமாக மாறியது. அப்போது கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். நுனியை அடியில் விட்டதுமே மீன் தானாக எழும்பி வந்தது.

அதே பாடம்தான் தாயி உங்களுக்கும். மீனைத் துணியால் நன்றாக ஒற்றி ஈரத்தை எடுங்கள். கல்லோ கம்பியோ நன்றாகக் காயட்டும். கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓட வேண்டும். உடனே சுருங்கி ஆவியானால் இன்னும் காயவில்லை. முத்து ஓடிய பிறகு எண்ணெய், அப்புறம் மீன். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு ஒரு பக்கம் நான்கு நிமிஷம் ஆகும். அதுவரை தொடவே வேண்டாம். ஒருமுறை திருப்பினால் போதும்.

மசாலாவை மெல்லிசாகப் பூசுங்கள். அப்பி வைத்தால் மீன் வேகும் முன் மசாலா கருகும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் 20 நிமிஷத்துக்கு மேல் ஊற வேண்டாம், சதை விறைத்துவிடும்.

புதிதாகச் செய்பவருக்கு ஏற்றது சீலா. சென்னையில் வஞ்சிரம் என்பார்கள், நாகர்கோவில் பக்கம் நெய்மீன். சதை கெட்டி, உதிராது. விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால் பாறை வாங்குங்கள். முழு மீன் சுட ஆசை இருந்தால் சங்கராவை வாழையிலையில் கட்டிச் சுடுங்கள். இலையை முதலில் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. இலைக்குள் மீன் தன் ஆவியிலேயே வேகும், ஒட்டுகிற பேச்சே இல்லை. கடற்கரையில் நாங்கள் சாளையை, அதாவது மத்தி மீனை, செதில் எடுக்காமல் அப்படியே கனலில் போடுவோம். வெந்ததும் தோல் செதிலோடு சட்டை மாதிரி கழன்று வரும். உள்ளே வெள்ளை வெளேரென்று சதை. சுடுசோறும் கொஞ்சம் உப்பும் போதும், எனக்கு அதற்கு மேல் ஒரு விருந்து கிடையாது.

கேள்வி: நாங்கள் சைவம். சுட்டுச் சாப்பிட எங்களுக்கு என்ன இருக்கிறது?
- இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்

நிறைய இருக்கிறதே அம்மா. பெரிய கத்தரிக்காய் ஒன்று வாங்கி, எண்ணெய் தடவி, நாலு இடத்தில் கத்தி முனையால் குத்துங்கள். குத்தாவிட்டால் வெடிக்கும். கேஸ் அடுப்பின் மிதமான தீயில் நேரடியாக வைத்து 10, 12 நிமிஷம் திருப்பிக்கொண்டே இருங்கள். காய் தொய்ந்து சாறு கசிந்தால் வெந்துவிட்டது. பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிஷம் மூடுங்கள், தோல் தளர்ந்துவிடும். குழாய்த் தண்ணீரில் கழுவி உரிக்காதீர்கள், சுட்ட மணம் முழுக்க ஓடிவிடும். கையை நனைத்துக்கொண்டு உரியுங்கள். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து, நீர்க்கக் கரைத்த புளி விட்டுக் கொதித்ததும் மசித்த கத்தரிக்காயைச் சேர்த்தால் கொத்சு. வெண்பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்.

கரி அடுப்பு இருந்தால் மக்காச்சோளக் கதிர், பனீர், அன்னாசித் துண்டு. கடைசியில் சாம்பலுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வையுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் எடுக்கலாம்.

கேள்வி: மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கிறார். தனியாகச் சமைக்கிறேன். புளிக்குழம்பில் காய் எவ்வளவு கொதித்தாலும் வேகவே மாட்டேன் என்கிறது.
- பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

புளியை முதலிலேயே ஊற்றியிருப்பீர்கள். புளிப்பு இருந்தால் காய் லேசில் இளகாது. பருப்பும் அப்படித்தான். வதக்கிய காயைச் சாதாரணத் தண்ணீரில், உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் வேக வையுங்கள். அப்புறம் புளிக்கரைசலும் குழம்புப் பொடியும். பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை கொதிக்கட்டும். வெண்டைக்காய்க்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதை எண்ணெயில் நன்றாக வதக்கிக் கடைசியில் சேர்த்தால் புளிப்பே அதை உடையாமல் பிடித்துக்கொள்ளும். தாயும் சேயும் நலமாக வீடு வரட்டும். வருகிற அன்று பத்தியத்துக்கு என்ன வேண்டும் என்று உங்கள் மாமியாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே குக்கர், ஒரே டம்ளர் அளவு. ஒரு மாதம் சோறு உதிரியாக வருகிறது, அடுத்த மாதம் குழைகிறது. ஏன்?
- அறையில் தங்கி வேலை பார்ப்பவர், கோவை

அரிசி மாறியிருக்கும். புது அரிசி குறைவாகத் தண்ணீர் கேட்கும், பழைய அரிசி கூடக் கேட்கும். பொன்னி புழுங்கலுக்கு ஒன்றுக்கு மூன்று என்று தொடங்குங்கள். மூட்டை மாற்றும்போது முதல் நாள் கால் டம்ளர் குறைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். விசில் வந்து அணைத்ததும் ஆவியைக் கரண்டியால் தூக்கி விடாமல், தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள். மிஞ்சின சோற்றை இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். வெந்த சோற்றிலும் சாகாமல் கிடக்கிற கிருமி ஒன்று உண்டு. அது வெளியில் பெருகி விடுகிற நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. சமைக்க ஆசைப்படுகிறான். முதலில் எதைக் கற்றுக்கொடுக்கலாம்?
- ஒரு தாய், விருதுநகர்

சுட்ட அப்பளம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அம்மா, நெருப்பைப் பார்க்கப் பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது. கேஸ் தீயை மிதமாக வைத்து, இடுக்கியால் உளுந்து அப்பளத்தின் ஓரத்தைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். நிறம் வெளுத்துப் பொட்டுப் பொட்டாகக் கொப்புளம் எழும்பும். எழும்பின இடத்தை உடனே நகர்த்த வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் கருப்பு. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரட்டும், இடுக்கி பிடித்த இடத்தைக் கடைசியில் மாற்றிப் பிடித்துச் சுடட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் இடுக்கியை வாங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று கருகும், போகட்டும். நன்றாக வந்த அப்பளத்தில் துளி நெய் தடவி, ரசம் சோற்றோடு அவன் அப்பாவுக்கு அவன் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.